அவருக்கு என்ன முறை?

அன்புள்ள அய்யா,

உத்தமபாளையத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இருபது வருடமாகப் பெங்களூரில் கணினித் துறையில் வேலை. உங்கள் கட்டுரைகளில் குமுளியும் கூடலூரும் வரும்போதெல்லாம் எழுத நினைப்பேன், விட்டுப்போகும்.

1988 முதல் 1991 வரை நான்கு கோடை விடுமுறைகளில் எங்கள் அப்பா எங்களைத் தேக்கடிக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் அனுமதி வாங்குவார். ஆளே இல்லாத காடு. அப்பா, அம்மா, தம்பி, நான், நான்கு பேர் மட்டும். அப்பா தீ மூட்டுவார். அம்மா கஞ்சியும் துவையலும் செய்வார். ஆதிவாசி ஒருவன் விறகு வெட்டிக் கொடுத்துவிட்டு ராத்திரிக் காவலுக்கு இருப்பான். ஒருநாள் விடிகாலையில் பெரியவர் (யானையை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்பார் அப்பா) கூடாரத்துக்கு இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அப்பா எங்கள் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கையின் பீடி வாசம் இன்னும் மறக்கவில்லை.

என் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது, ஆறு வயது. கையிலிருந்து போனைப் பிடுங்க முடியவில்லை. இப்போது காட்டுக்குள் தங்குவதற்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு, கட்டணம். அந்த அனுபவத்தை இவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? அந்தக் காலம் அவ்வளவுதானா? நம்மவர்களுக்குக் காட்டில் தங்கும் பழக்கமே கிடையாது, கேம்பிங் என்பதே வெள்ளைக்காரர்கள் சொல்லிக் கொடுத்தது என்று என் நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உங்கள் கருத்து?

அன்புடன்,
ர., பெங்களூர்

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் முல்லைப் பெரியாறு நீர்மட்டத்தைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. நீக்கிவிட்டேன். அதை ஆரம்பித்தால் ஒரு மாதத்துக்கு இந்தத் தளத்தில் வேறெதுவும் ஓடாது.

போன மாதம் என் அக்கா வீடு மாற்றினாள். பரணில் இருந்த சாமான்களை இறக்கும்போது அம்மாவின் பழைய எவர்சில்வர் தூக்குவாளி கிடைத்தது. மூடியில் அப்பாவின் பெயர் வெட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் டம்ளர், கரண்டி, குழம்புச்சட்டி எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். அந்தத் தூக்குவாளி காட்டுக்குப் போய்வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் நான்கைந்து நாளாக ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. பதில் இவ்வளவு சீக்கிரம் வருவதற்கு அதுதான் காரணம். உங்கள் கேள்விகளை நான் ஒழுங்காகக் கவனிக்காமல் போனால் அதற்கும் அதுதான் காரணம்.

முதலில் உங்கள் நண்பரை அனுப்பிவிடுகிறேன். நம்மவர்களுக்குக் காட்டில் தங்கும் பழக்கம் இல்லையா? சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூடலூரிலிருந்து என் பாட்டி நடந்தே போவாள். பளியன்குடி வழியாக ஏற்றம். அரிசி, பருப்பு, சட்டி, கைக்குழந்தை எல்லாம் தலையிலும் இடுப்பிலும். மேலே ராத்திரி தங்கி, பொங்கல் வைத்து, மறுநாள் இறங்குவார்களாம். இப்போது வருடத்தில் ஒரே நாள், அதுவும் காலையில் விட்டு சாயங்காலத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில், அப்படித்தான் இருக்க முடியும். பாட்டி அதைக் கேம்பிங் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் 'அப்பா கேம்ப்' என்றால் அப்பா வேலையாக வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஊரின் பெயரே லோயர் கேம்ப். 1887இல் தொடங்கி 1895இல் முடித்த முல்லைப் பெரியாறு அணைக்கு வேலைக்குப் போனவர்கள் முகாம் போட்ட இடம். காய்ச்சலிலும் காலராவிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மலையில் கூடாரம் அடிப்பதை உங்கள் நண்பர் அவர்களிடம் போய் விளக்கட்டும்.

போனைப் பற்றி நீங்கள் புலம்பியதற்குப் பதில் இல்லை. கடிதத்தின் கடைசியில் 'என்னுடைய ஐபோனிலிருந்து அனுப்பப்பட்டது' என்று இருக்கிறது.

கட்டணம் அதிகம் என்பதும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போய்வர என்ன ஆகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கட்டுப்பாடு இருக்கட்டும். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்தார்கள். அன்று ராத்திரி குமுளிப் பக்கம் யாரும் தூங்கவில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

'ஆளே இல்லாத காடு. நான்கு பேர் மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே ஒருவர் விறகு வெட்டுகிறார். ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார். நான்கும் ஒன்றும் எத்தனை, ர.? கணினித் துறையில் வேலை என்று வேறு சொல்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். அப்பா 'மூட்டுவார்'. அம்மா 'செய்வார்'. அனுமதி வாங்கிக் கொடுத்தவர் 'தெரிந்தவர்'. யானைகூட 'பெரியவர்', அது 'நின்றுகொண்டிருந்தார்'. விறகு வெட்டிய மனிதர் மட்டும் 'ஒருவன்', 'இருப்பான்'. உங்கள் கடிதத்திலேயே மரியாதை விகுதி கிடைக்காத ஒரே ஆள், நீங்கள் நால்வரும் தூங்குவதற்காகத் தூங்காமல் இருந்தவர். நீங்கள் வேண்டுமென்று எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். கை தானாக எழுதியிருக்கிறது. அதுதான் எனக்குக் கோபம்.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு அணையில் வேலை. கூடலூரில் வீடு. மாதத்தில் பாதிநாள் அவர் மலையில் இருப்பார். 1977 மே மாதம், எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அந்த வருடம்தான் முதல் தடவையாக எங்களைக் கூட்டிப்போனார். தேக்கடியிலிருந்து படகு. ஏரி முழுக்க பட்டுப்போன மரங்கள் நின்றன. அணை நிறைந்தபோது மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. எண்பது வருடம் தண்ணீருக்குள் நின்றும் மட்கவில்லை. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அக்கா எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் தூங்கிப்போனாள்.

இரண்டு ராத்திரி ஒரு தகரக் கொட்டகையில் தங்கினோம். மூன்றாம் நாள் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, ஏரிக்கரையில் ஒரு நீர்மருது மரத்தடிக்குக் கூட்டிப்போனார். தார்ப்பாயைக் கயிற்றில் கட்டி இழுத்து, கீழே கோரைப்பாய் விரித்தோம். எங்களுக்கு அதுதான் கூடாரம். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. புல்லில் எங்கு பார்த்தாலும் அட்டை. அம்மா எங்கள் காலில் மூக்குப்பொடியைக் குழைத்துத் தடவிவிட்டாள். அன்று ராத்திரி முழுக்க நாங்கள் தும்மினோம்.

எங்களோடு ஒருவர் வந்தார். மன்னான் என்ற மலைப் பழங்குடி இனத்தைச் சேர்ந்தவர். அணைப் பக்கம் கூலிவேலைக்கு வருகிறவர்களில் ஒருவர். ஐம்பது வயது இருக்கும், அப்பாவைவிடப் பெரியவர். விறகுக்கும் தண்ணீருக்கும் ராத்திரிக் காவலுக்குமாக அப்பா அவருக்கு ஐந்து ரூபாய் பேசியிருந்தார்.

அவர் தீ வைத்ததைப் போல நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. நான்கு நீளக் கட்டைகளை நுனிகள் மட்டும் நடுவில் முட்டும்படி, நான்கு திசைக்கும் போட்டார். எரிய எரிய ஒவ்வொன்றாகக் காலால் உள்ளே தள்ளுவார். பெரிய தீ கேட்டு நான் அடம்பிடித்தேன். "தீ பெருசானா கண்ணு குருடு, தம்பி" என்றார். அவர் பேசியது எங்கள் தமிழ்தான், கொஞ்சம் இழுவையாக, நடுவே மலையாளம் கலந்து. பெரிய தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அதற்கப்பால் எல்லாம் கறுப்பாகிவிடும். சின்னத் தீ என்றால் கண் இருட்டுக்குப் பழகும், வருவது தெரியும். ஈரக்கட்டை ஒன்றைத் தனியாக வைத்திருந்தார். ஏரிப்பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால் அதைத் தீயில் வைப்பார், குபுகுபுவென்று புகை கிளம்பும். நடுராத்திரியில் மிளா மான் ஒன்று கத்தியது. கேட்டிருக்கிறீர்களா? தகர டப்பாவைக் கல்லில் அடித்த மாதிரி இருக்கும். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். காவலுக்கு வந்தவர் தலையைத் திருப்பாமலே, "செந்நாய். நம்மகிட்ட வராது. ஒறங்குங்க" என்றார். அப்பா படுத்துக்கொண்டார். என் அப்பா வேறு யார் சொன்னாலும் கேட்கிறவர் இல்லை.

அதற்கு முன்னால், சாப்பிட்டபின், அவர் ஒரு பாட்டுப் பாடினார். மெதுவாக, ஒரே இழுப்பில் போகும் பாட்டு. எனக்குப் புரிந்தது இரண்டே சொல், கோவலன், கண்ணகி. நான் குறுக்கே புகுந்து, "சினிமாப் பாட்டு தெரியாதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பாடியது மன்னான் கூத்துப் பாட்டு. அவர்கள் கோவலன் கண்ணகி கதையைத்தான் கூத்தாக ஆடுகிறார்கள். மதுரையிலிருந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. இதெல்லாம் எனக்குத் தெரிய இன்னும் இருபது வருடம் ஆனது. மதுரையை எரித்துவிட்டு மலைக்கு வந்தவளின் கோயில் இருக்கும் அதே மலைத்தொடரில், தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் அந்தக் கதையைப் பாடியிருக்கிறார். நான் எம்ஜிஆர் பாட்டுக் கேட்டிருக்கிறேன்.

இப்போது தூக்குவாளிக்கு வருகிறேன். விடிந்ததும் அம்மா அந்தத் தூக்குவாளியில் வரக்காப்பி போட்டாள், கருப்பட்டி தட்டிப்போட்டு. எங்களுக்கு டம்ளரில். அவருக்கு ஒரு சிரட்டையில், தூக்கி ஊற்றினாள். சிரட்டை ஊரிலிருந்தே வந்திருந்தது, ர. மூட்டை கட்டும்போதே யோசித்து எடுத்து வைத்திருக்கிறாள். "ஏம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்பிடித்தான். நீ பேசாமக் குடி" என்றாள். அதே அம்மா, கிளம்பும்போது மிச்சமிருந்த அரிசி, புளி, கருப்பட்டி, இரண்டு கருவாடு எல்லாவற்றையும் அவருக்குக் கட்டிக் கொடுத்தாள். அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு தன் போர்வையையும் கொடுத்தாள். போர்வை கொடுத்த கைதான் டம்ளரைக் கொடுக்கவில்லை. இதற்கு எனக்கு விளக்கம் தெரியாது. அம்மா நல்லவளா கெட்டவளா என்று கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம்.

சிரட்டையைக்கூட விடுங்கள், அதை ஊரே செய்தது. எனக்கு இத்தனை வருடம் கழித்து உறுத்துவது வேறொன்று. அந்த மூன்று நாளும் அவரை நான் எப்படிக் கூப்பிட்டேன்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். கூப்பிடவே இல்லை.

நம் ஊரில் ஒரு பத்து வயதுப் பிள்ளை வாயில் முறை இல்லாமல் யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? பால் ஊற்றுகிறவர் மாமா. தபால்காரர் அண்ணன். ரேஷன்கடைக்காரர் சித்தப்பா. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாவுக்கு அத்தை முறையோ அக்கா முறையோ வைக்க அரை நிமிடம் ஆகாது. முறை வைக்காமல் நம்மால் ஒரு வாய்த் தண்ணீர் கேட்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், மூன்று நாள் கூடவே இருந்த, என்னைவிட நாற்பது வயது மூத்த, என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்ட ஒருவருக்கு முறை வைக்கவில்லை. 'இந்தா', 'அங்க பாரு', இவ்வளவுதான். அப்பா அவரை 'ஏய் மன்னான்' என்று கூப்பிட்டார். ஒரு இனத்தின் பெயர் அது. நம்மை யாராவது சாதிப்பெயர் சொல்லி ஏய் என்று கூப்பிட்டால் சும்மா இருப்போமா? அந்த இனத்துக்கு ஒரு ராஜா உண்டு. கட்டப்பனைக்குப் பக்கத்தில் கோவில்மலையில் இன்றும் ராஜமன்னான் இருக்கிறார், பட்டம் கட்டி, முறைப்படி. எங்கள் வீட்டில் யாரும் காவலுக்கு வந்தவரின் பெயரைக் கேட்கவில்லை. தூக்குவாளிக்குப் பெயர் இருக்கிறது.

'ஆளே இல்லாத காடு' என்ற உங்கள் வரிக்கு இன்னொரு தடவை போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஏரியின் உள்கைகளில் முல்லக்குடி, தான்னிக்குடி என்று பெயர்கள் வரும். இப்போது அவை காவல் முகாம்கள். பெயரில் இருக்கும் குடி எங்கிருந்து வந்தது? மலையில் குடி என்றால் ஆட்கள் வீடுகட்டி இருக்கும் இடம். மூணாறுப் பக்கம் இடமலக்குடி என்று ஒரு பஞ்சாயத்தே இருக்கிறது, முதுவான்கள் ஊர். அணையில் தண்ணீர் ஏறியபோது மூழ்கியது மரங்கள் மட்டும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பயிர் வைத்து, மீன் பிடித்துக்கொண்டிருந்த மன்னான்களும் பளியர்களும் நகர்ந்தார்கள். பிற்பாடு அவர்களைக் குமுளிக்குப் பக்கத்தில் குடியமர்த்தினார்கள். மன்னாக்குடி, பளியக்குடி என்று இன்று ஜீப்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார். 1934இல் அந்தக் காடு வேட்டை விலங்குகளுக்கான சரணாலயம். 1950இல் வனவிலங்குச் சரணாலயம். 1978இல் புலிகள் காப்பகம். அப்புறம் நடுக்காட்டைத் தேசியப் பூங்கா என்றார்கள். தேசியப் பூங்கா என்பதற்குச் சட்டத்தில் பொருள் தெரியுமா? சரணாலயத்தில் சில உரிமைகளைத் தொடர விடலாம். தேசியப் பூங்காவில் யாருக்கும் நிலத்தின் மேல் உரிமை மிச்சம் இருக்கக்கூடாது, எல்லாம் அரசுக்கு வந்த பிறகுதான் அறிவிக்கவே முடியும். புலிக்கு அது நல்லதாகவே இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உங்கள் அப்பா கூடாரம் அடித்த இடம் யாருக்கோ அடுப்பங்கரையாக இருந்திருக்கும். காவலுக்கு வந்தவரின் பாட்டி அங்கேதான் கிழங்கு தோண்டியிருப்பாள். விருந்தாளி நீங்கள். வீட்டுக்காரரை வாசலில் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு உள்ளே தூங்கியிருக்கிறீர்கள். நாங்களும்தான்.

அதிகம் திட்டிவிட்டேன் போலிருக்கிறது. உங்கள் அப்பாவின் கையில் இருந்த பீடி வாசத்தை எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த அப்பாவை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1988இல் ஒரு மனிதர், சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வேளாங்கண்ணிக்கோ கொடைக்கானலுக்கோ போகாமல், பெண்டாட்டி பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சொந்தக்காரர்கள் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடிதத்தில் இறந்தகாலத்தில் எழுதியிருக்கிறீர்கள். இல்லையென்றால் படத்துக்கு முன்னால் சொல்லுங்கள்.

சரி, உங்கள் கேள்வி. பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? போங்கள். உங்கள் அப்பா போன வழியில் போக முடியாது. யாரையோ பிடித்து அனுமதி வாங்கித் தார்ப்பாய் கட்டும் காலம் முடிந்தது, நல்லதுக்குத்தான். வனத்துறையே நடத்தும் நடைகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளை எதற்கெல்லாம் விடுவார்கள் என்று குமுளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானே 2004இல் ஒன்றில் போனேன், மூன்று பகல் இரண்டு ராத்திரி. வழிகாட்டிகள் முன்பு அதே காட்டில் வயணப்பட்டை உரித்துக் கடத்தியவர்கள். இலவங்கப்பட்டைக்கு உறவான மரம் அது, பட்டையை உரித்தால் மரம் காலி. அவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், 1990களின் கடைசியில் அவர்களையே ஒரு குழுவாக்கிக் காவலும் வழிகாட்டலும் கொடுத்தார்கள். காட்டை அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் வேறு யார்? நாங்கள் ஐந்து பேர் போனோம், கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் அவர்கள் வந்தார்கள், கூடத் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். அவரைக் காட்டி ஒரு வழிகாட்டி, "முன்ன எங்களை விரட்டிட்டு வருவாரு சாரே. இப்பவும் பின்னாடிதான் வாராரு" என்றார். காவலர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். முதல் நாள் தீயைச் சுற்றி உட்கார்ந்ததும் அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொன்னார்கள். நான்கு கட்டை, நான்கு திசை, அதே மாதிரித்தான் தீ வைத்தார்கள். எனக்கு அந்தப் பெயர்கள் எதுவும் காதில் ஏறவில்லை. எழுந்து இருட்டில் கொஞ்சதூரம் போய் நின்றுகொண்டேன். அட்டை கடித்ததுகூடத் தெரியவில்லை.

அட்டைக்குப் பயந்தால் தை, மாசியில் போங்கள். அப்போது அட்டை குறைவு. மழைக்காலத்தில் போனால் மூக்குப்பொடி வேண்டாம், முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணிச்சாக்ஸ் கொடுப்பார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் அக்காவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். வழக்கமாக என் எழுத்தைக் கேட்டுக்கொண்டே காய்கறி நறுக்குவாள். இன்று கத்திச் சத்தம் நின்றுவிட்டது. முடித்ததும் சொன்னாள்: "நீ பாட்டுக்கு எங்க வீட்டுல யாருமே பேரு கேக்கலன்னு எழுதுற. யாருமேன்னா யாரு? ஒன்னைய மட்டும் சொல்லு."

அவள் கேட்டிருக்கிறாள். முதல் நாளே, படகிலிருந்து இறங்கியதும். அவர் சொல்லியிருக்கிறார். மூன்று நாளும் 'பெரியப்பா' என்றுதான் கூப்பிட்டாளாம். அதைக் கேட்டுவிட்டு அம்மா அவள் தொடையில் கிள்ளி, கன்றிப்போய், பள்ளிக்கூடம் திறக்கும்வரை தழும்பு இருந்ததாம். நான் அங்கேதான் இருந்திருக்கிறேன். எனக்கு இது எதுவும் நினைவில் இல்லை. தீ நினைவிருக்கிறது, மிளா நினைவிருக்கிறது, மூக்குப்பொடி நினைவிருக்கிறது.

அவர் பெயரைச் சொன்னாள். இங்கே எழுதவில்லை, அவர் வீட்டில் யாரையும் கேட்காமல் எழுதுவது சரியில்லை. ஆனியில் மழை பிடிப்பதற்குள் மன்னாக்குடிப் பக்கம் ஒருநாள் போய்வரலாம் என்கிறாள். அவளுக்கு முட்டிவலி, ஜீப் பேச வேண்டும்.

அன்புடன்.